இருண்ட இசேகாய்: புதிதாக நுழைபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஜப்பானிய அனிமேஷன் தொடர்களான அனிமே பார்ப்பவர்களில், இசேகாய் எனப்படும் வேற்றுலகக் கதைகளைப் பார்க்காதவர்கள் குறைவு. ஜப்பானில் சாதாரணமாக வாழ்ந்துகொண்டிருக்கும் ஒருவர் லாரியில் அடிபட்டுச் செத்தோ, மந்திரத்தால் அழைக்கப்பட்டோ வேறொரு உலகத்துக்குப் போய்ச் சேருவார். அங்கே வாள் உண்டு, மந்திரம் உண்டு, அரக்கர்கள் உண்டு. போனவருக்கு வேறு யாருக்கும் இல்லாத சக்தி கிடைக்கும். இங்கே யாரும் திரும்பிப் பார்க்காத ஆளை அங்கே ஊரே கொண்டாடும்.

இதே கதையைத் தலைகீழாகப் புரட்டிப் போடும் இசேகாய்களும் நிறைய வந்துவிட்டன. அடிமைச் சந்தை, ஊரையே அழிக்கும் போர், பாலியல் வன்முறை, பழிவாங்கல் எல்லாம் அவற்றில் வரும். சில மிக நல்ல கதைகள். சில எனக்கு ஆறாத கோபத்தைத் தந்தவை. எதிலிருந்து தொடங்குவது, பார்க்கும் முன் என்ன விசாரிப்பது, பார்க்கும்போது எதைக் கவனிப்பது என்று புதியவர்களுக்குப் படிப்படியாகச் சொல்வதுதான் இந்தக் கட்டுரை. என் நிலைப்பாட்டையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். கொடுமையைக் காட்டுவதால் மட்டும் ஒரு கதை மோசமாகிவிடாது. கொடுமைக்கு ஆளானவரோடு கதை அதற்கப்புறமும் கூடவே இருக்கிறதா, இல்லை அடுத்த காட்சியிலேயே அவரைக் கைகழுவிவிடுகிறதா என்பதை வைத்துத்தான் நான் தீர்ப்புச் சொல்வேன்.

சில கதைகளின் திருப்பங்களைச் சொல்லாமல் இதைப் பேச முடியாது. ஸ்பாய்லர் வேண்டாம் என்பவர்கள் பெயர்களை மட்டும் குறித்துக்கொண்டு, பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.

முதலில், எது உடைக்கப்படுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

வழக்கமான இசேகாய் ஒன்றிரண்டு பார்க்காமல் நேராக இருண்டவற்றுக்குப் போகாதீர்கள். விதி தெரியாவிட்டால் விதிமீறல் புரியாது.

இன்றைய இசேகாய்களில் பெரும்பகுதி ‘ஷோசெட்சுகா நி நாரோ’ (சுருக்கமாக நாரோ) என்ற ஜப்பானிய இணையதளத்திலிருந்து வந்தது. 2004-ல் தொடங்கிய தளம். அதில் யார் வேண்டுமானாலும் தொடர்கதை எழுதலாம். வாசகர்கள் போடும் புள்ளிகளை வைத்துத் தரவரிசை. அந்த வரிசையில் மேலே வந்தால் பதிப்பகம் தேடி வரும், அப்புறம் மங்கா என்ற ஜப்பானியப் படக்கதை, அப்புறம் அனிமே. வரிசையை இசேகாய்க் கதைகளே அடைத்துக்கொண்டதால், 2016-ல் தளம் அவற்றுக்கென்று தனித் தரவரிசையே ஒதுக்கியது. எல்லாரும் ஒரே கதையை எழுதும் இடத்தில் ஒருவர் தனித்துத் தெரிய வேண்டுமானால், வாசகர் எதிர்பார்ப்பதை உடைத்தாக வேண்டும். இருண்ட இசேகாய் பெருகியதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

உடைப்பதில் இரண்டு விதம் உண்டு. ‘வேற்றுலகம் போனால் எல்லாம் கிடைக்கும்’ என்ற வாக்குறுதியையே சில கதைகள் கேள்வி கேட்கும். அந்தச் சக்தி எங்கிருந்து வந்தது, அதற்கு யார் விலை கொடுத்தார்கள், அங்கே ஏற்கனவே வாழ்கிற மக்கள் என்ன ஆனார்கள் என்று கேட்கும். வேறு சில கதைகள் அதே வாக்குறுதியை அப்படியே நிறைவேற்றும். நாயகனுக்குச் சக்தி, பெண்கள், வெற்றி எல்லாமே கிடைக்கும். கூடவே கொடூரமாக நடந்துகொள்ளும் உரிமையும் கிடைக்கும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி இருட்டாகத் தெரியும். ஆனால் இரண்டாவது வகை எதையுமே புரட்டவில்லை. எந்தக் கதையைப் பார்த்தாலும் முதலில் இதைப் பிரித்துப் பாருங்கள்.

இது இணையம் வந்தபின் தோன்றிய பழக்கமும் இல்லை. கிளாம்ப் என்ற மங்கா ஓவியர் குழுவின் ‘மேஜிக் நைட் ரேயர்த்’ மங்கா 1993-ல் தொடங்கியது, அதுவும் சிறுமிகளுக்கான பத்திரிகையில். டோக்கியோ டவரிலிருந்து மூன்று மாணவிகள் வேறொரு உலகத்துக்கு அழைக்கப்படுகிறார்கள். சிறைப்பட்ட இளவரசியைக் காப்பாற்றத்தான் வந்திருக்கிறோம் என்று நினைக்கிறார்கள். தன்னைக் கொல்லத்தான் இளவரசி அவர்களை அழைத்திருக்கிறாள் என்பது கடைசியில் தெரியவரும். ரத்தத்தைக் கொட்டாமலே இசேகாயை அடியோடு புரட்டிய கதை அது.

எதிலிருந்து தொடங்கலாம்

‘க்ரிம்கார்: ஆஷஸ் அண்ட் இல்லூஷன்ஸ்’ என்று சொல்வேன். 2016-ல் வந்தது, 12 எபிசோட்தான். பழைய வாழ்க்கை ஞாபகமே இல்லாமல் ஒரு கூட்டம் புது உலகில் கண்விழிக்கிறது. திறமைசாலிகள் தங்களுக்குள் அணி சேர்ந்து போய்விட, மிச்சம் இருக்கிற ஆறு பேர்தான் நம் கதை. சாப்பாட்டுக்குக் காசு வேண்டும், காசுக்குக் காப்ளின் என்ற குட்டி அரக்கர்களைக் கொல்ல வேண்டும். மற்ற இசேகாய்களில் காப்ளின் என்றால் ஒரே வெட்டு, கணக்கில் ஒன்று கூடும், அவ்வளவுதான். இங்கே ஆறு பேர் ஒரு காப்ளினைச் சூழ்ந்துகொள்கிறார்கள், ஆனால் கொல்ல முடியவில்லை. அது உயிருக்குப் போராடுகிறது, கத்துகிறது, திருப்பித் தாக்குகிறது. வாளை எப்படி இறக்குவது என்றுகூட இவர்களுக்குத் தெரியவில்லை. ஒருவழியாக முடிந்தபின் ஜெயித்த மகிழ்ச்சி யார் முகத்திலும் இல்லை. அந்த ஒரு காட்சி, அதுவரை நாம் பார்த்த அத்தனை காப்ளின் சாவுகளையும் திரும்ப நினைக்க வைக்கும். கொஞ்சம் மெதுவாகப் போகும் தொடர், பொறுமையாகப் பாருங்கள்.

அடுத்து ‘தி எக்ஸிக்யூஷனர் அண்ட் ஹர் வே ஆஃப் லைஃப்’, 2022. ஜப்பானிலிருந்து அழைக்கப்பட்டு வந்த ஒரு பையனோடு கதை தொடங்கும். அரண்மனை அவனைத் துரத்திவிடும், ஒரு அழகான பெண் பாதிரியார் உதவிக்கு வருவாள், அவனுக்குள் பெரிய சக்தி ஒன்று இருப்பது தெரியவரும். நூறு முறை பார்த்த தொடக்கம்தானே என்று நாம் சாய்ந்து உட்காரும்போது, அந்தப் பெண் அவனைக் குத்திக் கொன்றுவிடுவாள். அவள் வேலையே அதுதான். இப்படி வந்தவர்களின் சக்தி கட்டுமீறி அந்த உலகத்தையே பலமுறை சீரழித்திருக்கிறது. அந்த மண்ணில் பிறந்தவர்களின் கண்ணில் இசேகாய் நாயகன் ஒரு பேரிடர். வந்தேறியின் கண்ணால் மட்டுமே உலகத்தைப் பார்த்துப் பழகிய நமக்கு இந்த இடமாற்றம் அவசியம்.

அதன்பின் ‘ரீ:ஸீரோ’. நாயகன் சுபாரு செத்தால் காலம் பின்னோக்கிப் போய்த் திரும்ப உயிர்பெறுவான். சாவுகளின் ரத்தம்தான் இதில் எல்லாரும் பேசுவது. என்னைக் கேட்டால் முதல் சீசனின் மிகக் கொடூரமான காட்சியில் ரத்தமே இல்லை. தலைநகரில் அவமானப்பட்டபின் நாயகி எமிலியாவிடம் அவன் கத்துவான்: உனக்காக நான் எவ்வளவு செய்திருக்கிறேன், நீ எனக்குக் கடன்பட்டவள் என்கிற தொனியில். ‘நாயகன் உதவினால் நாயகி அவனுக்குச் சொந்தம்’ என்ற இசேகாயின் சொல்லாத ஒப்பந்தத்தை அவன் வாய்விட்டுச் சொல்ல, கதை அவன் பக்கம் நிற்க மறுக்கிறது. எமிலியாவும் விலகிப் போகிறாள்.

பார்க்கும் முன் விசாரியுங்கள்

‘காப்ளின் ஸ்லேயர்’ இசேகாய் அல்ல என்றாலும் இந்த விசயத்தில் ஒரு பாடம். 2018 அக்டோபரில் அதன் முதல் எபிசோட் வந்தபோது, வழக்கமான சாகசக் கதை என்று நினைத்துப் பார்த்தவர்கள் பாலியல் வன்முறையைப் பார்க்க நேர்ந்தது. போஸ்டரை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

மைஅனிமேலிஸ்ட் தளத்தில் ஒவ்வொரு தொடருக்கும் வயது மதிப்பீடு இருக்கும். ‘ஆர்’, ‘ஆர் பிளஸ்’ என்று இருந்தால் கவனம் தேவை. அனிலிஸ்ட் தளத்தில் பயனர்கள் ஓட்டுப்போட்டு இட்ட குறிச்சொற்கள் இருக்கும். அடிமைத்தனம், சித்திரவதை போன்றவை எத்தனை சதவீதம் என்று பாருங்கள். ஸ்பாய்லர் குறிச்சொற்கள் அங்கே மறைந்திருக்கும், தேவைப்பட்டால் திறந்து பார்க்கலாம். ஏதேனும் ஒரு குறிப்பிட்ட விசயம் உங்களைப் பாதிக்கும் என்றால் ‘டஸ் த டாக் டை’ என்ற தளத்தில் தேடுங்கள். திருப்பம் தெரிந்துவிடுமே என்று இதைத் தவிர்க்காதீர்கள். அந்தக் காட்சி உங்களை உலுக்கிவிடுமானால், திருப்பம் முன்கூட்டித் தெரிவது சின்ன இழப்புதான். நாரோ தளத்திலேயே ‘குரூரமான சித்தரிப்பு உண்டு’, ‘15 வயதுக்கு மேல்’ என்று எழுத்தாளரே குறிக்க வேண்டும். எச்சரிக்கை கேட்பது கோழைத்தனம் என்று யாராவது சொன்னால் இதை அவர்களுக்குச் சொல்லுங்கள்.

சில தொடர்கள் ஒன்றுக்கு மேற்பட்ட வடிவங்களில் வரும், தணிக்கை செய்தது, செய்யாதது என்று. எந்த வடிவத்தைப் பார்க்கிறீர்கள் என்று தெரிந்துகொண்டு பாருங்கள். வீட்டில் சின்னவர்கள் இருந்தால், அனிமே என்பதாலோ டப் இருக்கிறது என்பதாலோ குழந்தைகளுக்கானது என்று விட்டுவிடாதீர்கள்.

பார்க்கும்போது எதைக் கவனிப்பது

முதலில், கேமரா யாருடைய கண்ணாக இருக்கிறது என்பது. வன்முறைக் காட்சியில் பாதிக்கப்பட்டவரின் முகத்தைக் காட்டுகிறதா, உடலைக் காட்டுகிறதா? உடலை ரசிப்பதுபோல் காட்டினால், வசனம் எவ்வளவு கண்டித்தாலும் அந்தக் காட்சி ரசிப்பதற்காகவே எடுக்கப்பட்டிருக்கிறது.

‘முஷோக்கு டென்செய்’ பற்றிய சண்டைக்கு அடிப்படை இதுதான். 34 வயதில் செத்த ஒருவன், அந்த நினைவுகள் எல்லாவற்றோடும் குழந்தையாகப் பிறக்கிறான். பயத்தையும் குற்ற உணர்ச்சியையும் தாண்டி மனிதனாக மாறும் அவன் பயணத்தை அருமையாக எழுதியிருக்கிறார்கள். வீட்டு வாசலைத் தாண்டவே பயப்படும் அவனை அவன் ஆசிரியை ரோக்ஸி குதிரையில் ஏற்றி வெளியே கூட்டிப்போகும் காட்சிக்கு நான் இன்றும் மரியாதை வைத்திருக்கிறேன். ஆனால் பெண்பிள்ளைகளிடம் அவன் செய்யும் அத்துமீறல்களை அதே தொடர் நகைச்சுவையாக நடத்துகிறது. ‘குறையுள்ள நாயகன்’ என்று சொல்லி இதை நியாயப்படுத்துவார்கள். குறையைக் காட்டுவது சரி. ஆனால் அந்தப் பிள்ளைகளுக்கு அது எப்படி இருந்தது என்று கேட்காமல் நம்மைச் சிரிக்கச் சொல்கிறதே, அங்கேதான் தவறுகிறது. 2021-ல் சீனாவின் பிலிபிலி தளம் இந்தத் தொடரைத் தூக்கிவிட்டது. தடை செய்வதில் எனக்கு உடன்பாடு இல்லை, ஆனால் விமர்சனம் பொய்யல்ல.

அடுத்து, கொடுமை எப்படி நியாயப்படுத்தப்படுகிறது என்பது. இதற்கு ‘சாகா ஆஃப் தான்யா த ஈவில்’ தொடரைப் பாருங்கள். விதிமுறை பேசியே ஆட்களை வேலையைவிட்டுத் தூக்கிப் பழகிய ஒரு நிறுவன அதிகாரி, தான்யா என்ற சிறுமியாக மறுபிறவி எடுத்து, முதல் உலகப் போர்க் காலம் போன்ற ஓர் உலகில் ராணுவ அதிகாரி ஆகிறான். ராணுவக் கல்லூரியில் தான்யா ஓர் ஆய்வறிக்கை எழுதுகிறாள். போர்ச் சட்டத்தை மீறாமல் ஒரு நகரத்தைக் குண்டு வீசி அழிப்பது எப்படி? வெளியேறச் சொல்லி எச்சரிக்கை விடு, அப்புறமும் உள்ளே இருப்பவர்களைப் போராளிகள் என்று கணக்கில் வை. அவளுக்கு அது ஒரு பாடத்திட்ட வேலை. பின்னால் அரேன் நகரம் கிளர்ச்சி செய்யும்போது மேலிடம் அந்த அறிக்கையைத் தூசிதட்டி எடுத்து, அதன்படியே நகரத்தை எரிக்கிறது. தப்பி ஓடும் மக்களைச் சுட ஓர் இளம் அதிகாரியின் கை வரவில்லை. தான்யா அவனைத் திட்டுகிறாள். கத்தியைவிடத் தாளில் எழுதிய ஒரு வாக்கியம் எத்தனை பேரைக் கொல்லும் என்று இவ்வளவு தெளிவாகக் காட்டிய இசேகாய் வேறு எனக்குத் தெரியாது. அந்தச் சிறுமி உருவத்தை ரசித்துவிட்டு இதைக் கவனிக்காமல் போகிறவர்கள் உண்டு. அது பெரிய நஷ்டம்.

‘ஓவர்லார்ட்’ தொடரில் இதே பொறி நமக்கே வைக்கப்படும். நாயகன் அய்ன்ஸ், எலும்புக்கூட்டு உடலில் சிக்கிய வீடியோ கேம் ரசிகன். இரண்டு சீசன் அவன் பக்கமே உட்கார்ந்து சிரித்திருப்போம். மூன்றாவது சீசனில் அவன் தரப்பே திட்டமிட்டு வரவழைத்த கூலிச் சாகசக்காரர்கள் அவன் ஆளும் கல்லறைக் கோட்டைக்குள் நுழைகிறார்கள். அவர்களில் ஆர்ஷே என்ற பெண்ணுக்கு வீட்டில் இரண்டு குட்டித் தங்கைகள். பெற்றோரின் கடனை அடைக்கத்தான் இந்த வேலைக்கு வந்தாள். அவள் திரும்பிப் போகவில்லை. அந்த எபிசோட் முடிந்ததும் நீங்கள் யார் பக்கம் இருந்தீர்கள் என்று உங்களையே கேட்டுப் பாருங்கள்.

அடிமை என்ற பொதுப்பழக்கம்

இந்த வகையில் அடிக்கடி வருவதும், பலர் கேள்வியே கேட்காமல் கடந்துபோவதும் அடிமைதான். கழுத்துப்பட்டையோ, உடலில் மந்திரக் குறியோ இருக்கும். சொன்னதைக் கேட்காவிட்டால் அது வலிக்கும். நாயகன் ஒரு பெண்ணை விலைக்கு வாங்குவான், நல்ல சாப்பாடு போடுவான், அவள் நன்றியில் காதலிப்பாள்.

2019-ல் வந்த ‘தி ரைசிங் ஆஃப் த ஷீல்ட் ஹீரோ’ இதற்கு நல்ல உதாரணம், ஏனென்றால் அது பாதி தூரம் சரியாகப் போகிறது. நாயகன் நவோஃபுமி மீது, அவனோடு கூட வந்த பெண்ணே பொய்யான பாலியல் புகார் சொல்கிறாள். நாடே அவனை வெறுக்கிறது. யாரையும் நம்ப முடியாத நிலையில், பொய் சொல்ல முடியாத ஒரு துணை வேண்டும் என்று அடிமை வியாபாரியிடம் போகிறான். அங்கே ரஃப்டாலியா, நோயில் இருமிக்கொண்டிருக்கும் ஒரு குழந்தை. ரத்தத்தைக் கண்டால் நடுங்குகிறவள். அவள் கையில் கத்தியைக் கொடுத்துக் குத்தச் சொல்கிறான். தயங்கினால் மார்பில் இருக்கும் குறி வலிக்கிறது. இதைத் தொடர் மறைக்கவில்லை. அவன் செய்வது கொடுமை என்று நமக்குத் தெரிகிறது. அதே எபிசோடில் உணவகத்தில் கொடி குத்திய குழந்தைகள் சாப்பாட்டை அவளுக்கு வாங்கித் தருகிறான். அந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு உண்மையான மனிதன் தெரிகிறான்.

அப்புறம் ஒரு சண்டை முடிவில் அவளுடைய குறி நீக்கப்படுகிறது. இப்போது அவள் சுதந்திரமானவள், அவளாகவே அவனோடு நிற்கிறாள். கதை அங்கே நின்றிருந்தால் நான் இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஆனால் அவள் திரும்ப வியாபாரியிடம் போய், நம்பிக்கைக்கு அடையாளமாக அந்தக் குறியைத் தானே கேட்டு வாங்கிக்கொள்கிறாள். அடிமைத்தனத்தை ஒரு பெண்ணின் விருப்பமாக மாற்றி, நாயகனின் கையில் இருக்கும் கறையைக் கழுவிவிடும் வேலை இது. அந்த நாட்டில் அடிமைச் சந்தை ஏன் இருக்கிறது, அங்கே இன்னும் கூண்டில் இருப்பவர்கள் கதி என்ன என்ற கேள்விகள் அதோடு பின்னுக்குப் போய்விடுகின்றன. பொய்ப் புகாரை வைத்துக் கதையைத் தொடங்கியதற்கும் அப்போது நிறையச் சண்டை நடந்தது. எனக்கு அதைவிட இந்தக் குறிதான் உறுத்துகிறது.

இனி எந்த இசேகாயில் அடிமை வந்தாலும், அவளால் ‘முடியாது’ என்று சொல்ல முடியுமா, சொன்னால் என்ன ஆகும் என்று மட்டும் பாருங்கள்.

பழிவாங்கும் கதைகள்

துரோகம், வெளியேற்றம், பிறகு பெரிய சக்தியோடு திரும்பி வருதல். நாரோ தளத்தில் இது தனிக் கிளையாகவே வளர்ந்திருக்கிறது. அதன் உச்சம் 2021 ஜனவரியில் அனிமேயாக வந்த ‘ரீடூ ஆஃப் ஹீலர்’. கறாராகச் சொன்னால் இசேகாய் அல்ல, காலத்தைத் திருப்பும் கதை. ஆனால் இந்த விவாதம் எங்கே நடந்தாலும் இதன் பெயர் வராமல் இருக்காது.

நாயகன் கேயாரு மற்றவர்களைக் குணப்படுத்தும்போது அவர்கள் பட்ட வலி முழுவதும் அவனுக்குள் வரும். இளவரசியும் கூட்டாளிகளும் அவனுக்குப் போதை கொடுத்து, அடைத்துவைத்து, பாலியல் வன்முறை உட்பட எல்லாக் கொடுமையும் செய்கிறார்கள். அவன் காலத்தைப் பின்னோக்கித் திருப்பி ஒவ்வொருவராகப் பழிவாங்குகிறான். அந்தப் பழி பெரும்பாலும் பாலியல் வன்முறைதான். ஆண் மீதான பாலியல் வன்முறையையும் அதன் கோபத்தையும் பேசிய அபூர்வமான கதை என்று இதை ஆதரிப்பவர்கள் சொல்வார்கள். அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, அந்த விசயம் பேசப்பட வேண்டியதும்தான். ஆனால் இந்தத் தொடர் அதைப் பேசவில்லை. அடுத்தவர் வலியைத் தன் உடம்பில் உணரக்கூடிய ஒருவனைப் படைத்துவிட்டு, அவன் வலி கொடுக்கும்போது அந்தத் திறனை வசதியாக மறந்துவிடுகிறது. இளவரசியின் முகத்தையும் நினைவையும் மாற்றித் தன் துணையாக வைத்துக்கொள்கிறானே, எதற்காகத் தண்டிக்கப்படுகிறோம் என்றே தெரியாத ஒருத்தியிடம் என்ன பழி மிச்சம் இருக்கிறது? அங்கே கிடைப்பது ஒரு பெண்ணுடல் மட்டும்.

‘கற்பனைதானே, யாருக்கு என்ன நஷ்டம்’ என்று கேட்பார்கள். யாரும் காயப்படவில்லை என்பது சரி. ஆனால் ஒரு கதை நம்மிடம் எந்த உணர்ச்சியைக் கேட்கிறது என்று பார்ப்பது வாசகரின் வேலை. இந்தத் தொடர் கேட்பதை நான் கொடுக்க மாட்டேன். புதியவர்கள் இதைப் பார்த்தே ஆக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. ‘மூன்று எபிசோட் பார்த்துவிட்டு முடிவு பண்ணு’ என்ற பழைய அறிவுரையும் இதற்குப் பொருந்தாது. ஐந்தாவது நிமிடத்தில் மூடினாலும் சரிதான்.

கதைக்கு வெளியே

சில சமயம் சிக்கல் எழுதியவரிடமிருந்தே வரும். 2018-ல் ‘நியூ லைஃப் பிளஸ்’ என்ற நாவல் தொடர் அனிமேயாக வரவிருந்தது. சீனர்களையும் கொரியர்களையும் இழிவுபடுத்தி அதன் ஆசிரியர் போட்டிருந்த பழைய ட்வீட்கள் வெளியே வந்தன. நாயகனின் பின்கதையோ, உலகப் போரில் ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றவன் என்பது. ஜப்பானிய ராணுவம் சீனாவில் செய்தவற்றை நினைவு வைத்திருப்பவர்களுக்கு அந்தப் பின்கதை எப்படிக் கேட்டிருக்கும்! ஆசிரியர் மன்னிப்புக் கேட்டார். ஆனாலும் முக்கியக் குரல் நடிகர்கள் விலகினார்கள், பதிப்பகம் புத்தகங்களை அனுப்புவதை நிறுத்தியது, அனிமே கைவிடப்பட்டது. ‘வீரன்’ என்று கதை சொல்லும் ஆளை வேறொரு நாட்டுக்காரர் எப்படிப் படிப்பார் என்று யோசிக்கும் பழக்கம் இங்கேயும் உதவும்.

கடைசியாக ஒரு தொடர்: ‘நவ் அண்ட் தென், ஹியர் அண்ட் தேர்’, 1999, 13 எபிசோட். தண்ணீர் வற்றிப்போன ஓர் உலகம், பைத்தியக்கார சர்வாதிகாரி, கையில் துப்பாக்கி திணிக்கப்பட்ட குழந்தைகள். வேறு ஆள் என்று தவறாக நினைத்துக் கடத்தி வரப்பட்ட சாரா என்ற அமெரிக்கச் சிறுமியைப் படைவீரர்களிடம் கொடுத்துவிடுகிறார்கள். நடந்ததைத் தொடர் காட்டுவதில்லை. கதவு மூடுகிறது. அப்புறம் சாராவோடுதான் இருக்கிறது: அவள் கோபம், தன் உடம்பின் மீதே அவளுக்கு வரும் வெறுப்பு, வயிற்றில் வளரும் குழந்தையைப் பற்றி அவள் எடுக்கும் முடிவு எல்லாம். ரீடூ ஆஃப் ஹீலர் செய்யாததை எல்லாம் இது அதற்கு இருபது வருடத்துக்கு முன்பே செய்துவிட்டது. பட்டியலில் மற்றவற்றை முடித்தபின் இதற்கு வாருங்கள். ஒரே மூச்சில் பார்க்க வேண்டாம், நாளைக்கு இரண்டு எபிசோட் போதும். பார்த்த இன்னொருவர் இருந்தால் அவரோடு பேசிக்கொண்டே பாருங்கள்.